பிரஷர் இறக்கும் கமிட்டி

மரிய அருண் ஓடியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ராணுவ ஆளெடுப்புக்காக விழுப்புரம் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு, நூற்றுக்கணக்கான பையன்களோடு சேர்த்து அவிழ்த்துவிட்டபோது, ஒரு மைல் தூரத்தை ஐந்து நிமிஷம் இருபது விநாடியில் முடித்தான். கம்பியில் தொங்கிப் பத்து முறை மோவாயை மேலே கொண்டுபோனான். ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்டச் சொன்னபோது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டடி தள்ளிப் போய் விழுந்தான். உயரம், எடை, மார்பு எல்லாம் சரி. கடைசியில் ஒரு கூடாரத்துக்குள் ஜட்டியோடு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவனாக நாற்காலியில் உட்காரவைத்து, ராணுவ டாக்டர் ஒருவர் கையில் துணிப்பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நாலு வருஷம் மயிலம் ரோட்டில் ஓடி ஓடி வளர்த்த உடம்பு, சும்மா உட்காரச் சொன்ன இடத்தில் தோற்றுப்போனது.

நூற்று அறுபத்தாறுக்கு நூறு என்றது மெஷின். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. டாக்டர் நல்ல மனுஷர். ஓரமாகப் போய்ப் பத்து நிமிஷம் உட்கார் என்று இந்தியில் சொல்லி, தோளில் ஒரு தட்டும் தட்டினார். அந்தப் பத்து நிமிஷமும் அருண் பிரஷரை இறக்குவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்தான். அடுத்த முறை நூற்று எழுபத்திரண்டு வந்தது.

கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். இப்போதைக்குத் தகுதியில்லை, பத்தாம் நாள் சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரியில் மறுபடி பார்ப்போம் என்பது அதன் சாரம். அருணுக்கு அப்போது இருபது வயசு பத்து மாசம். இருபத்தொன்று தாண்டிவிட்டால் சிப்பாய் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அடுத்த ஆளெடுப்பு வருவதற்குள் ராணுவத்தின் கணக்கில் அவன் கிழவனாகியிருப்பான். அப்புறம் அவனுக்கு எழுதியிருப்பது தொம்மை மாமாவின் பந்தல் கடைதான். காலம் பூராவும் கல்யாண வீட்டில் நாற்காலி இறக்கி, காதுகுத்து வீட்டில் நாற்காலி ஏற்ற வேண்டியதுதான்.

திண்டிவனத்தில் பஸ் மாறி ஊருக்கு வந்து இறங்கியவன், இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டான். நிறுத்தத்தில் பன்னிரண்டடிக்கு எட்டடியில் ஒரு பேனர். அதில் அவன் இருந்தான். தலை அவனுடையது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒரு சிப்பாய், நெஞ்சில் மூன்று மெடல், கையில் துப்பாக்கி. பின்னால் ஒரு பீரங்கி வண்டி, மேலே வேளாங்கண்ணி மாதா, மாதாவுக்குப் பக்கத்தில் ஒரு ஏவுகணை. 'எல்லை காக்கப் புறப்பட்ட எங்கள் குலச் சிங்கமே' என்று மஞ்சள் எழுத்து. கீழே சொந்தக்காரர்கள் முகம் எல்லாம் வட்ட வட்டமாக. அதில் தொம்மை மாமாவின் வட்டம் மட்டும் மாதாவைவிடப் பெரிது.

அந்தப் பக்கத்தில் அப்போது பேனர் வைக்காமல் எதுவும் நடக்காது. பிள்ளைக்குப் பேர் வைத்தால் பேனர், பெண் வயசுக்கு வந்தால் பேனர், செத்துப்போனாலும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் பேனர் வந்து நிற்கும். தொம்மை மாமா அருணின் அம்மாவுக்குத் தம்பி. பந்தலும் மைக்செட்டும் அவர் தொழில் என்பதால் திண்டிவனத்தில் பேனர் அடிக்கிற கடையில் அவருக்குத் தனி நாற்காலி. மருமகன் ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான் என்று கூடப் போன பையன் போன் செய்தானாம். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டத்துக்குப் பிறகு மெடிக்கல், மெடிக்கலுக்குப் பிறகு பரீட்சை என்றெல்லாம் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் பேனரை ஒரு சாண்கூடக் குறைத்திருக்க மாட்டார்.

அருண் நடந்ததை அம்மாவிடம் மட்டும் சொன்னான். லூர்துசெல்வி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்துவிட்டு, வேண்டிக்கொள்ளச் சொல்லி நாலே நாலு பேரிடம் சொன்னாள். விளக்கு வைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"ஓடறவனுக்கு எப்படிறா பிரஷர் வரும்? அது உக்காந்து தின்றவனுக்கு இல்ல வரும்?" என்றார் அப்பா சவுரிராயன். அவர் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டு வாழ்கிறவர். நிலத்தில் புழு விழுந்தால் மருந்தடிக்கத் தெரியும். மகனுக்குள் ஏறிய நம்பரை எதை அடித்து இறக்குவது என்று தெரியவில்லை.

"அந்த பேனரை இறக்கிடு மாமா," என்றான் அருண். "அதப் பாத்தாலே எனக்கு படபடன்னு வருது."

"இறக்கினா ஊரே இன்னான்னு கேக்கும். இன்னா சொல்றது?" என்றார் தொம்மை மாமா. "நீ பிரஷர இறக்கு. பேனர் அது பாட்டுக்கு நிக்கட்டும்."

மாமா சொன்னதில் நியாயம் இருப்பதாகக் குடும்பத்துக்குப் பட்டது. பேனரை இறக்குவதைவிடப் பிரஷரை இறக்குவது கௌரவம் என்று அன்றைக்கே முடிவாகி, அதற்காக ஒரு கமிட்டியும் தானாக உருவாகிவிட்டது. தலைவர் தொம்மை மாமா. அந்த ஊரில் எந்தக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர்.

மறுநாளிலிருந்து அருணுக்கு உப்பு நிறுத்தப்பட்டது. காலையில் வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு ஆறு பல். பதினொரு மணிக்கு முருங்கைக்கீரைச் சாறு. மத்தியானம் உப்பில்லாத கேப்பைக் கூழ். பக்கத்து வீட்டு அம்சா வெந்தயத்தை ஊறவைத்துக் கொண்டுவந்தாள். மயிலத்துக் காலேஜில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த ஒரு சித்தப்பா, இடது மூக்கால் மூச்சிழுத்தால் பத்து பாயிண்ட் இறங்கும் என்று புத்தகத்தில் படித்ததாகச் சொன்னார். அதிலிருந்து அருண் வலது மூக்கில் விரலை வைத்துக்கொண்டே திரிந்தான். ஓடக் கூடாது, ஓடினால் ரத்தம் கொதிக்கும் என்று ஓட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். நாலு வருஷத்தில் அவனை நிம்மதியாக வைத்திருந்தது அந்த ஒன்றுதான்.

இதெல்லாம் போதாதென்று திண்டிவனத்திலிருந்து பட்டாளத்து வேங்கடேசன் வரவழைக்கப்பட்டார். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ராணுவத்துக்குப் பையன்களைத் தயார் செய்கிற பயிற்சி மையம் நடத்துகிறவர். அருண் அங்கேதான் படித்தான். பதினேழு வருஷ சர்வீஸ், அத்தனையும் ரேஷன் ஸ்டோரில். எதிரியை நேரில் பார்த்ததில்லையே தவிர, எதிரியைப் பற்றி அவரளவுக்குப் பேசத் தெரிந்தவர் இரண்டு தாலுகாவிலும் கிடையாது.

"பயம்தான் பிரஷரு. பயத்த எடுத்துட்டா பிரஷர் எங்க இருந்து வரும்?" என்றார் வேங்கடேசன். "தினம் மெடிக்கல் ரிகர்சல் பண்ணுவோம். பழகிடும். இல்லேன்னா என்கிட்ட மாத்திரை ஒண்ணு இருக்குது. போற அன்னிக்குக் காலைல முழுங்கிட்டுப் போனா ஜல்தியா இறங்கிடும்."

மாத்திரை என்றதும் அருணுக்கு ஆசை வந்தது உண்மை. அன்று சாயந்திரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியம்மா மகள் சகாய பிரியாவைப் பார்க்கப் போனான். பிரியா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடும்பத்திலேயே இந்த விஷயத்தில் ஏதாவது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால் கமிட்டியில் அவளைச் சேர்க்கவில்லை.

"மாத்திரை போட்டுக்கினு போனா நாடி படுத்துடும், அவங்க கண்டுபுடிச்சிடுவாங்க," என்றாள் பிரியா. "உனக்கு மாத்திரை எதுக்குடா தம்பி? இருக்கிற பிரஷரும் உன்னுது இல்ல. போறதுக்கு முன்ன டீ குடிக்காத. உள்ள போறதுக்கு முன்ன ஒண்ணுக்குப் போயிட்டு வா. கால ரெண்டையும் தரையில வெச்சி, முதுகச் சாச்சி, கைய மேசை மேல விட்டுடு. பேசாத. மெதுவா மூச்சு விடு. மெஷினப் பாக்காத. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வூட்ல இருக்கிறவங்க இத நம்ப மாட்டாங்க, ஏன்னா இதுல அவங்களுக்கு வேலை எதுவும் இல்ல."

அவள் சொன்னது அப்படியே நடந்தது. வீட்டில் வந்து சொன்னபோது தொம்மை மாமா சிரித்தார். "ஒண்ணுக்குப் போனா பிரஷர் இறங்குமாம். இதுக்கு ஒரு நர்ஸ் படிப்பு." மாத்திரை மட்டும் வேண்டாம் என்று அருண் பிடிவாதமாக நின்றுவிட்டான். பதிலுக்கு ரிகர்சலுக்குத் தலையாட்ட வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொம்மை மாமா வீட்டு ஹாலில் மெடிக்கல் போர்டு கூடியது. பாண்டிச்சேரியிலிருந்து பேட்டரியில் ஓடுகிற ஒரு பிரஷர் மெஷின் வந்திருந்தது. சித்தப்பா ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கியை எடுத்து வந்திருந்தார். அதை வேங்கடேசன் போட்டுக்கொண்டு கர்னல் ஆனார். பந்தல் கடையிலிருந்து ஐம்பது நாற்காலி வந்தது. ஐம்பதும் நிரம்பிவிட்டது. பெண்கள் ஒரு பக்கம் ஜெபமாலையோடு உட்கார்ந்தார்கள். மைக்செட் வேண்டாம் என்று அருண் கெஞ்சியதால் அதை மட்டும் கட்டவில்லை.

"நெக்ஸ்ட்," என்று கர்னல் உறுமினார். அருண் ஜட்டியோடு வர வேண்டும் என்பது கர்னலின் உத்தரவு. பெண்கள் இருப்பதால் கைலி கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவன் உட்கார்ந்தான். பட்டை இறுகியது. அருள் நிறைந்த மரியே என்று பெண்கள் ஆரம்பித்தார்கள். சவுரிராயன் மகனின் முகத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதடு நடுங்கியது. அதை அருண் பார்த்துவிட்டான்.

நூற்று எண்பது.

"இன்னொரு தரம்," என்றார் தொம்மை மாமா. இன்னொரு தரம் நூற்று எண்பத்து நாலு.

"இவனுக்கு உக்காரவே தெரியல," என்று வேங்கடேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சோல்ஜர் எப்படி உக்காரணும்னு பாரு. நெஞ்ச நிமித்து. கண்ண நேரா வை. எதிரி முன்னால நிக்கிறான்னு நெனச்சுக்கோ." சொல்லிக்கொண்டே தன் கையில் பட்டையை மாட்டி, தானே பட்டனை அழுத்தினார். மெஷின் உறுமி, காற்றை விட்டு, யோசித்து, இருநூற்று நாலுக்கு நூற்றுப் பதினெட்டு என்றது.

ஹாலில் ஜெபமாலை நின்றுவிட்டது.

"மெஷின் கோளாறு," என்றார் கர்னல்.

கோளாறா இல்லையா என்று பார்ப்பதற்காகத் தொம்மை மாமா கையை நீட்டினார். நூற்றுத் தொண்ணூறு. அவர் மனைவி ரோஸ்லின், "நீங்க ராத்திரில குடிக்கிறதுக்கு இது கம்மிதான்," என்று ஐம்பது நாற்காலிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு அவள் கையை நீட்டினாள். நூற்று எழுபத்தாறு. குடிக்காதவளுக்கு எப்படி வந்தது என்று மாமா கேட்க, உங்களால்தான் வந்தது என்று அவள் சொல்ல, அங்கே ஒரு தனிச் சண்டை பிடித்துக்கொண்டது. சித்தப்பா இடது மூக்கால் இழுத்துக்கொண்டே பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு. அதற்குள் வரிசை வாசல் தாண்டிப் போய்விட்டது. முந்தி நான் வந்தேன், நீ வந்தாய் என்று தள்ளுமுள்ளு. நாள் பூராவும் களை வெட்டுகிற அம்சாவுக்கு மட்டும் நூற்றுப் பதினாறு வந்தது. அவளை எல்லாரும் ஏதோ திருடிவிட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அருணை எல்லாரும் மறந்துபோனார்கள். அவன் கைலியோடு போய்ச் சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்தான். பூசை முடிந்து தாமதமாக வந்த பிரியா, ஹாலில் நடந்த கூத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக வந்தாள். தன் பையிலிருந்து ஆஸ்பத்திரி மெஷினை எடுத்தாள். அவன் கையில் சுற்றிக் காற்றடித்து, காதில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"நூத்தி இருபத்தி நாலு," என்றாள்.

அருண் நம்பவில்லை. அவள் இன்னொரு முறை பார்த்தாள். நூற்று இருபத்திரண்டு. உள்ளே தொம்மை மாமா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"புரியுதா?" என்றாள் பிரியா. "மெட்ராசுக்குத் தனியா போ. யாரையும் கூட்டிக்கினு போகாத."

இதைச் சொல்வது சுலபம். தனியாகப் போகிறேன் என்று அருண் வீட்டில் சொன்ன அன்று, பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அப்பா வயல் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்தபோது அருணுக்கு அவர் மேல் பாசமும் எரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. இவ்வளவு ஆசையை ஒரு மனுஷன் தலையில் இறக்கிவைத்தால் அவன் எப்படி நூற்று நாற்பதுக்குள் இருப்பான்?

பத்தாம் நாள் விடிவதற்குள் அவன் பையை எடுத்துக்கொண்டு, கால் சத்தம் கேட்காமல் ரோட்டுக்கு வந்தான். திண்டிவனத்தில் முதல் ரயிலைப் பிடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்பது திட்டம். ரோட்டில் ஒரு சுமோ வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. முன் சீட்டில் தொம்மை மாமா. பின்னால் அப்பா, அம்மா, ரோஸ்லின் அத்தை, சித்தப்பா, இன்னும் யார் யாரோ. கடைசி சீட்டில், மடியில் பிரஷர் மெஷினோடு வேங்கடேசன்.

"நீ இப்படி ஏதாச்சும் பண்ணுவேன்னு தெரியும்," என்றார் மாமா பெருமையாக. "ஏறு. உனக்குத் தைரியம் சொல்லத்தான் எல்லாரும் வந்துக்கினு இருக்கோம்."

தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். மதுராந்தகத்தில் ஒரு முறை பார்த்தார்கள், நூற்று அறுபது. செங்கல்பட்டில் நூற்று எழுபது. தாம்பரத்தில் நெரிசலில் வண்டி நின்றபோது நூற்று எழுபத்தெட்டு. வழியெல்லாம் லூர்துசெல்வி அவன் முழங்கையில் தீர்த்தத் தண்ணீர் தடவிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது அருணுக்குத் தன் இதயம் காதுக்குள் இருப்பதுபோலக் கேட்டது.

வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி. சீட்டை வாங்கிப் பார்த்தான்.

"கேண்டிடேட் மட்டும்," என்றான்.

"நாங்க கூட வந்தவங்க," என்றார் தொம்மை மாமா.

"கேண்டிடேட் மட்டும்."

"நான் எக்ஸ்-சர்வீஸ்மேன், ஹவில்தார் வேங்கடேசன்," என்று கர்னல் முன்னே வந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். காவலாளியும் மரியாதையாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, "கேண்டிடேட் மட்டும் சார்," என்றான். மாமா தனக்கு எம்.எல்.ஏ.வைத் தெரியும் என்றார். கேட்டு மூடியது. அதைவிட அழகாக ஒரு கேட்டு மூடியதை அருண் அதுவரை பார்த்ததில்லை.

உள்ளே முதல் தடவை பார்த்தபோது நூற்று ஐம்பத்திரண்டு. டாக்டர் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் வார்டில் படுக்கட்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இரும்புக் கட்டில், இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பு, நீலக் கோடு போட்ட சட்டை. அவனுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். அவன் யார் வீட்டுச் சிங்கம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பருப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள், உப்புப் போட்ட பருப்பு. ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, கால் இரண்டையும் தரையில் வைத்து, கையைக் கட்டிலோரத்து மேசையில் விட்டான். உதவியாள் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான், பார்த்தான், எழுதினான், போய்விட்டான். எவ்வளவு என்று அவன் சொல்லவில்லை. அருணும் கேட்கவில்லை. பல நாளில் முதல் தடவையாக, அந்தப் பகல் பூராவும் தூங்கினான்.

மறுநாள் மத்தியானம் டாக்டர் அம்மா அட்டையைப் பார்த்தார். நூற்று முப்பத்தாறு, நூற்று இருபத்தெட்டு, நூற்று இருபது, நூற்றுப் பதினெட்டு. அவன் முகத்தை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து, "இதுதான் உன் பிரஷர். அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"வீட்ல எல்லாரும் ரொம்ப ஆசைப்பட்டாங்க மேடம்," என்றான் அருண்.

அவர் சிரிக்கவில்லை. தகுதி என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அருண் வாசலை நோக்கி வந்தான். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டான். இனி நாற்காலி இறக்க வேண்டாம். பரீட்சை ஒன்று பாக்கி, அதில் அவன் தோற்க மாட்டான். கேட்டுக் கம்பி வழியாக எதிர்ப் பிளாட்பாரம் தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அவர்கள் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். அப்பா புங்கமரத்தடியில் குந்தியிருந்தார், சட்டை கசங்கி, தாடி முளைத்து. அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. தொம்மை மாமா போனில் யாருடனோ கையை அகலமாக விரித்து அளவு சொல்லிக்கொண்டிருந்தார். வேங்கடேசன் மடியில் மெஷினை வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

அருணுக்குக் கழுத்தோரத்தில் ஒரு நரம்பு மெதுவாகத் துடிக்க ஆரம்பித்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் போய் உட்கார்ந்தான்.

அன்றைக்குக் கேட்டில் வேறொரு காவலாளி. அவன் திரும்பிப் பார்த்தான். "என்ன தம்பி, முடிஞ்சிட்டுல்லா? கூட்டிட்டுப் போக ஆள் யாரும் வரலியா?"

"வந்திருக்காங்கண்ணா," என்றான் அருண். "அதான் ஒரு பத்து நிமிஷம் இங்கயே உக்காந்துக்கறேன்."